மாத்திரைக்கு பவர் குறையல... கிருமிக்குத்தான் பவர் கூடிருச்சு!

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சிட்டே பொறுமையா படிங்க. முடிஞ்சா வீட்ல இருக்குற பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு இரவுப் பணி. ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரை அவருடைய மகன் ஆட்டோவில் தூக்கி வந்தார்.

நடுக்கத்துடன் காய்ச்சல். சிறுநீர் போகும்போது எரிச்சல், விலாப்பக்கம் வலி. பத்து வருடமாக நீரிழிவு. சர்க்கரை 340. ரத்த அழுத்தம் 80/50. ஆள் அரை மயக்கம்.

சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. உடனே சலைன் ஏற்றி, ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்து அனுப்பிவிட்டு, ஆன்டிபயாடிக் ஊசியை ஆரம்பித்தோம்.

ஒரு நாள் ஆச்சு. காய்ச்சல் இறங்கவில்லை.

இரண்டாவது நாளும் இறங்கவில்லை. சிறுநீர் அளவு குறையத் தொடங்கியது.

மகன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கவர்மெண்ட் மருந்து பவர் கம்மின்னு சொல்றாங்க. நல்ல மருந்தா வெளிய எழுதிக் குடுங்க. கடன உடன வாங்கியாச்சும் வாங்கிட்டு வந்துர்றேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. தாய் கண் முன்னாடி கிடக்கும்போது எந்தப் பிள்ளையும் இதைத்தான் கேட்பான்.

மூன்றாவது நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிருமியின் பெயர் ஈ.கோலை. நம் எல்லோர் குடலிலும் இருக்கும் ரொம்பச் சாதாரண பாக்டீரியா.

அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆர்" "ஆர்" "ஆர்" என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். இந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம்.

மிச்சம் இருந்தது இரண்டே மருந்து. அதில் ஒன்று கொலிஸ்டின். 1950களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் ஓரங்கட்டி வைத்த மருந்து. வேறு வழியில்லாமல் இப்போது மறுபடி தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்துகிறோம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஐசியூ, டயாலிசிஸ் எல்லாம் தாண்டி அந்த அம்மா பிழைத்து வந்துவிட்டார். இருபத்தி மூன்று நாள். மகனுக்கு அத்தனை நாளும் வேலை இல்லை, கூலி இல்லை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். மருந்து ஏன் கேட்கல?

மருந்தின் பவர் குறையவில்லை. வெளியே ஆயிரக்கணக்கில் கொடுத்து அதே மருந்தை வாங்கி வந்திருந்தாலும் அது கேட்டிருக்காது. பவர் கூடியது கிருமிக்கு.

அது எப்படிக் கூடுச்சு?

---

முதலில் ஒரு தவறான புரிதலைச் சரிசெய்வோம்.

"அடிக்கடி மாத்திரை போட்டு உடம்பு பழகிருச்சு சார், இப்ப கேக்க மாட்டேங்குது" என்று நிறைய பேர் சொல்கிறார்கள்.

பழகியது உங்கள் உடம்பு இல்லை. உங்கள் உடம்பில் குடியிருக்கும் கிருமி.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். உடம்பு பழகியிருந்தால் அது உங்கள் பிரச்சனை மட்டும்தான். பழகியது கிருமி என்பதால், அது உங்களிடமிருந்து உங்கள் பேரப்பிள்ளைக்குப் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும், பக்கத்து பெட்டில் படுத்திருப்பவருக்கும் போகும். ஒரு ஆன்டிபயாடிக்கைக்கூட தொடாத மனிதருக்கும் அந்தக் கிருமி வந்து சேரலாம்.

சரி, கிருமி எப்படிப் பழகுது?

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும். இப்படியே தடையில்லாமல் போனால் ஒரே ஒரு பாக்டீரியா பத்து மணி நேரத்தில் 107 கோடி ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்க, 30 தடவை இரட்டிப்பு.

ஒவ்வொரு தடவையும் தன் மரபணுவை நகல் எடுக்கணும். இத்தனை கோடி நகல் எடுக்கும்போது எங்கோ ஒரு எழுத்துப்பிழை வரத்தானே செய்யும்? பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பல கோடியில் ஒன்றில், அந்தப் பிழையே ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் வித்தையாக அமைந்துவிடுகிறது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. மருந்து வந்து அந்தப் பிழையை உண்டாக்கவில்லை. மருந்து வருவதற்கு முன்பே அந்த ஒன்று அங்கே இருக்கிறது.

1952ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி இதை ஒரு வெல்வெட் துணியை வைத்தே நிரூபித்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களின் மேல் வெல்வெட் துணியை ஒத்தி எடுத்து, அதை மருந்து கலந்த தட்டுகளில் அச்சு மாதிரி பதித்தார்கள். மருந்துள்ள எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் இருந்த கூட்டம்தான் பிழைத்தது. மருந்தையே பார்க்காத முதல் தட்டில், அதே இடத்தில் இருந்த கூட்டத்துக்கும் எதிர்ப்பு சக்தி இருந்தது!

அப்போ மருந்து என்ன செய்கிறது? மற்றதையெல்லாம் கொன்று அந்த ஒன்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

நம்ம விவசாயிகளுக்கு இது சட்டென்று புரியும். ஒரே களைக்கொல்லியை வருடா வருடம் அடிச்சா என்ன ஆகும்? அதுக்குச் சாகாத களை மட்டும் தப்பிச்சு விதை போடும். நாலைந்து போகத்தில் வயல் முழுக்க அதுவே நிற்கும். களை பாடம் படிக்கவில்லை. சாகிற களையை எல்லாம் நாமே அகற்றி, சாகாததை வளர்த்துவிட்டோம். அவ்வளவுதான்.

---

தப்பிக்கும் வித்தைகள் என்னென்ன? பெரிய பெரிய பெயர்கள் இருந்தாலும் அடிப்படையில் நாலுதான்.

ஒன்று, மருந்தை வெட்டிப் போடுவது. பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் என்சைமைப் பாக்டீரியாவே தயாரிக்கும். 1940லேயே ஆபிரகாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள் இதை எழுதிவிட்டார்கள். பென்சிலின் மருந்தாக மக்களிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே அதை உடைக்கும் கத்தி கிருமியிடம் இருந்தது!

இரண்டு, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைப்பது. கிணற்றில் மோட்டார் வைத்து தண்ணீரை இறைக்கிற மாதிரி, மருந்து வேலை செய்யும் அளவுக்குச் சேர்வதற்குள் பம்ப் போட்டு வெளியேற்றிவிடும்.

மூன்று, வாசலைச் சாத்துவது. மருந்து நுழையும் துளைகளையே குறைத்துக்கொள்ளும்.

நான்கு, பூட்டை மாற்றுவது. மருந்து ஒரு சாவி என்றால், கிருமியின் உடலில் அது போய்ப் பொருந்தும் இடம் பூட்டு. பூட்டின் வடிவத்தையே மாற்றிவிட்டால் சாவி எப்படி வேலை செய்யும்? பென்சிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு எதிராக மெதிசிலின் என்ற மருந்து வந்தது. வந்த வேகத்திலேயே, 1961ல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் பதிவானது.

இதெல்லாம்கூட பரவாயில்லை. ஐந்தாவதா ஒண்ணு இருக்கு. அதுதான் எங்களை எல்லாம் தூங்கவிடாமல் செய்கிறது.

அதுக்குப் பெயர் பிளாஸ்மிட். புரியுற மாதிரி சொல்லணும்னா, பரீட்சை ஹால்ல பாஸ் பண்ற "பிட்டு".

ஒரு பாக்டீரியா கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வித்தை, சின்ன மரபணு வளையமாக அதனிடம் இருக்கும். பக்கத்து பாக்டீரியாவோடு ஒரு குழாய் போட்டு இணைந்து, அந்த வளையத்தை நகல் எடுத்துக் கொடுத்துவிடும். வாங்குகிற பாக்டீரியா அதே இனமாக இருக்கணும்னு அவசியமில்லை. வேற ஸ்கூல் பையனுக்கும் பிட்டு பாஸ் ஆகும்! ஒரே பிட்டில் நாலைந்து மருந்துகளுக்கான விடையும் எழுதியிருக்கும்.

1950களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கும் அடங்காத ஷிகெல்லா கிருமிகள் தென்பட்டன. ஒரே கிருமிக்கு ஒரே நேரத்தில் அத்தனை எழுத்துப்பிழை எப்படி வரும் என்று தேடியபோதுதான், எதிர்ப்பு சக்தி ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது என்பது தெரிந்தது.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் இடம் உண்டு. என்டிஎம்-1 என்று ஒரு என்சைம். மருத்துவமனையில் கடைசி கட்டத்தில் நாங்கள் எடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே வெட்டிப்போடும். இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2010ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் சென்னை, ஹரியானா, பிரிட்டன் எனப் பல இடங்களில் இதைச் சுமக்கும் கிருமிகள் இருப்பது தெரிந்தது. பெயரில் "நியூ டெல்லி" என்று இருப்பதால் நாடே கொதித்தது. பெயரைப் பற்றிய சண்டையில் காட்டிய வேகத்தைப் பிரச்சனையைத் தீர்ப்பதில் காட்டினோமா என்றால், இல்லை என்பதே என் கருத்து.

---

"சரி டாக்டர், சளிக்கு மூணு மாத்திரை போட்டதுக்கும் ஒண்ணுக்குப் போற பாதையில வந்த கிருமிக்கும் என்ன சம்பந்தம்?"

இதுதான் இந்தப் பதிவின் உயிர்நாடி. பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை குடலில். பெரும்பாலும் நல்லவை, நம்மோடு ஒத்து வாழ்பவை.

நீங்கள் சளிக்கு ஆன்டிபயாடிக் போடுகிறீர்கள். சளி வந்தது வைரஸால். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. செல்லே இல்லாத வைரஸிடம் மருந்து தாக்குவதற்கான அந்தப் பூட்டுகளே கிடையாது. ஆக, சளிக்கு லாபம் பூஜ்யம்.

ஆனால் போட்ட மாத்திரை சும்மா இருக்குமா? ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும், குடலுக்கும் போகும். அங்கே எந்தத் தப்பும் செய்யாத பாக்டீரியாக்களைக் கொல்லும். அதுக்குச் சாகாத ஈ.கோலை மட்டும் மிஞ்சிப் பெருகும். பிட்டு வேறு பாஸ் ஆகும்.

இப்படி மிஞ்சிய கிருமிகளின் தாக்கம் ஓராண்டு வரைகூட நம் உடலில் நீடிக்கலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன.

நாலு மாதம், ஆறு மாதம் கழித்து அதே ஈ.கோலை சிறுநீர்ப் பாதைக்குள் ஏறுகிறது. பெண்களுக்கு இது எளிதாக நடக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிது. அப்போது கொடுக்கும் மருந்து கேட்காது. ஏன்னா, அந்தக் கிருமி ஏற்கனவே அந்த மருந்தில் தேர்வெழுதிப் பாஸானது.

சளிக்குப் போட்ட மாத்திரைக்கான பில், இப்படி வேறொரு நாளில், வேறொரு நோய்க்கு வருகிறது. அதனால்தான் யாருக்கும் இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

---

அந்த அம்மா கதைக்கு மறுபடி வருகிறேன்.

ரிப்போர்ட் வந்த அன்று மகனிடம், "அம்மா இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க, வீட்ல இருக்குறத எல்லாம் எடுத்துட்டு வா தம்பி" என்றேன். ஒரு மஞ்சப்பையைக் கொண்டு வந்து மேசையில் கொட்டினார்.

அஜித்ரோமைசின் அட்டை, ஒரு மாத்திரை மிச்சம். சிப்ரோஃப்ளோக்சசின் அட்டை, பத்தில் நாலு பிரித்தது. செஃபிக்ஸிம் பாதி அட்டை. பல்வலிக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, "உடம்பு வலிக்குதுன்னு கடைக்காரர் குடுத்தது" ஒன்று. ஒரு வருடத்தில் ஆறேழு தடவை.

அதற்குள் மடித்து வைத்த ஒரு ஓபி சீட்டு இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. சளி, தொண்டை வலி, இருமல். கீழே ஒரு ஆன்டிபயாடிக், மூன்று நாளைக்கு.

கையெழுத்து என்னுடையது.

அன்று ஓபியில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்கு நினைவில்லை. இருநூறுக்குக் குறைவாக இருந்திருக்காது. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்கூட கிடைக்காத நாள். "இது வைரஸ்மா, தானா சரியாகும், உப்புத் தண்ணி கொப்பளிங்க" என்று விளக்க நாலு நிமிடம் வேணும். மாத்திரை எழுத நாலு நொடி போதும். அந்த அம்மாவும் "நல்ல மாத்திரையா குடுங்க தம்பி" என்று கேட்டிருப்பார்.

அந்தச் சீட்டுதான் அந்தக் கிருமியை உருவாக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறேழில் ஒன்று என்னுடையது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மகனிடம் அதைச் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே சார் எழுதியிருப்பீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

---

அதனால்தான் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தினக்கூலிக்குப் போகும் ஒருவர் "நாளைக்கு வேலைக்குப் போகணும் சார், இன்னைக்கே சரியாகுற மாதிரி குடுங்க" என்று கேட்பது அறியாமை இல்லை. அது அவர் வீட்டு அடுப்பின் கணக்கு. மருத்துவமனைக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். மெடிக்கல்ல கேட்டா ஐந்து நிமிடத்தில் முடியும்.

மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் பல ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அட்டவணை ஹெச்1ல் வந்துவிட்டன. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று கடையில் பதிவேடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் மாத்திரை வாங்கும்போது யாராவது அந்த நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

பக்கத்து கேரளா 2018லேயே மாநில அளவில் இதற்கென ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. 2024ல் "ஆபரேஷன் அம்ரித்" என்று பெயர் வைத்து, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர் சோதனை நடத்தியது. நம்மாலும் முடியும்.

இதில் மனிதர்கள் மட்டும் இல்லை. கோழி சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்த பழக்கம் இருந்தது. அந்த அம்மாவைக் காப்பாற்றிய கொலிஸ்டினும் அதில் ஒன்று! 2015ல் சீனாவில் கொலிஸ்டினுக்கே அடங்காத "பிட்டு" ஒன்று பன்றிகளிடமும் இறைச்சியிலும் மனிதர்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. 2019ல் இந்தியா கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்து 2007ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின். மாத்திரை சாப்பிட்ட மனிதனின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! அந்தத் தண்ணீரில் வாழும் கிருமிகளுக்கு அது தினமும் பயிற்சி வகுப்பு.

உலக அளவில் 2019ல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இந்த எதிர்ப்பு சக்தியால் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. இப்படியே போனால் 2025 முதல் 2050 வரை மொத்தம் 3.9 கோடிப் பேர் என்கிறது அடுத்த மதிப்பீடு.

எங்க ஊர்ப்பக்கம் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பாங்க. எல்லா வயலுக்கும் பாயணும். ராத்திரியோட ராத்திரியா ஒருத்தர் மடையைத் திறந்துவிட்டா, அவர் வயலுக்கு அன்னைக்கு லாபம்தான். ஆனா கண்மாய் வத்தும்போது அவர் வயலும் சேர்ந்துதான் காயும்.

ஆன்டிபயாடிக்கும் அப்படி ஒரு பொதுச் சொத்து. பிரசவத்தில், சிசேரியனில், கேன்சர் சிகிச்சையில், எலும்பு முறிவு ஆபரேஷனில், குறைமாதக் குழந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கண்மாய்தான் பாய்கிறது.

---

அப்போ தீர்வே இல்லையா? இருக்கு.

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த காசநோயே பாடம். 1940களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். நோயாளிகள் முதலில் தேறினார்கள். சில மாதங்களில் கிருமி எதிர்ப்பு சக்தி பெற்றது. இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. ஒரு மருந்திலிருந்து தப்பும் கிருமி கோடியில் ஒன்று என்றால், இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்புவது கோடி கோடியில் ஒன்று. அந்தக் கணக்குதான் இன்றும் காசநோய்க்குக் கூட்டு மருந்தாகக் கொடுப்பதற்குக் காரணம். 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டியது. ஒழுங்காகக் கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏழை வீட்டிலும் கிருமியை ஜெயிக்கலாம் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

புது மருந்து வராதா என்று கேட்பீர்கள். வருகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. காரணம் வியாபாரம். பிரஷர் மாத்திரை ஆயுள் முழுக்க விற்கும். புது ஆன்டிபயாடிக்கோ "பத்திரமா பூட்டி வைங்க, அவசியம்னா மட்டும் எடுங்க" என்று சொல்லப்படும் பொருள். அமெரிக்காவில் 2018ல் ஒரு புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி வாங்கிய நிறுவனம் 2019ல் திவாலானது. ஆனாலும் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. பாக்டீரியாவின் கத்தியை மழுங்கடிக்கும் என்மெடாசோபாக்டம் என்ற மூலக்கூறு நம்ம சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்தது. 2024ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதலில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை. 2030க்குள் மனிதர்களுக்குப் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்கில் குறைந்தது 70 சதவிகிதம் முதல் வகையாக இருக்க வேண்டும் என்று 2024ல் ஐநா சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

என்னைக் கேட்டால், அரசிடம் நான் வைக்கும் கோரிக்கை மூன்று. தாலுகா மருத்துவமனை வரை கல்ச்சர் பரிசோதனை எளிதாகக் கிடைக்கணும். ஓபியில் நோயாளியிடம் நாலு நிமிடம் பேசும் அளவுக்கு மருத்துவர்கள் இருக்கணும். ஹெச்1 நோட்டைத் திறந்து பார்க்க ஆள் வரணும். நல்ல தண்ணீர், கழிப்பறை, கை கழுவும் வசதி, தடுப்பூசி இதெல்லாம்கூட ஆன்டிபயாடிக்கைக் காப்பாற்றும் வேலைதான். வராத நோய்க்கு மருந்தே வேண்டாமே!

சக மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவுவோம். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் கல்ச்சர் எடுப்போம். ரிப்போர்ட் வந்ததும் பெரிய மருந்திலிருந்து சின்ன மருந்துக்கு இறங்குவோம்.

---

இனி உங்களுக்கு. இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. சளி, மூக்கொழுகல், தொண்டை கரகரப்பு, சாதாரண இருமல் இவற்றில் பெரும்பாலானவை வைரஸ். சளி மஞ்சளாக, பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று அர்த்தமில்லை. இருமல் முழுதாக அடங்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம்.

2. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ். குழந்தைகளுக்குக் கூடவே ஜிங்க். மலத்தில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் வாருங்கள்.

3. மருந்து அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் எழுதாமல் அதைச் சாப்பிடக் கூடாது.

4. போன தடவை மிஞ்சியதைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

5. மருத்துவர் எழுதியதைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். பல தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நாட்களைக் குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். காசநோய்க்கு முழுக் காலமும் கட்டாயம்.

6. "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று அடம் பிடிக்காதீர்கள். மாறாக இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். "இது பாக்டீரியா தொற்றா டாக்டர்? ஆன்டிபயாடிக் அவசியமா? எத்தனை நாள்?" நாங்கள் கோபப்பட மாட்டோம். கோபப்பட்டாலும் கேளுங்கள்.

7. மறுபக்கமும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், மயக்கம், ரத்தக்கசிவு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும் இடத்தில் தாமதமாகக் கிடைத்தாலும் உயிர் போகும். இந்தப் பதிவைப் படித்துவிட்டு "ஆன்டிபயாடிக்கே விஷம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ப்ளீஸ்.

8. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். கை கழுவுங்கள்.

1945ல் தன் நோபல் பரிசு உரையிலேயே அலெக்சாண்டர் ஃப்ளெமிங் எச்சரித்தார். பென்சிலின் கடையில் சுலபமாகக் கிடைக்கும் காலம் வரும், விவரம் தெரியாமல் குறைந்த அளவில் போட்டுக்கொள்பவர்களால் கிருமிகள் எதிர்ப்பு சக்தி பெறும் ஆபத்து இருக்கிறது என்றார். கண்டுபிடித்தவரே சொன்னதை நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அந்த அம்மா போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க ஓபிக்கு வந்திருந்தார். லேசாகச் சளி. "தம்பி, சளி மாத்திரை மட்டும் போதும், அந்தப் பெரிய மாத்திரை வேணாம்" என்றார்.

வரிசையில் பின்னால் நூறு பேர் நின்றார்கள். இருந்தாலும் அன்று நாலு நிமிடம் எடுத்துப் பேசினேன். இப்போதெல்லாம் முடிந்தவரை எல்லோரிடமும் எடுக்கப் பார்க்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. முடியாத நாட்களில் நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்துங்கள்.



உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் எம்பிபிஎஸ் டாக்டர்களில் ஒருவன்